பால் பொங்கினால் எந்த டொமைன்?

எங்கள் கம்பெனியில் யார் யார் ஏமாறுகிறார்கள் என்று பார்க்க அவ்வப்போது போலி மெயில் அனுப்பிச் சோதிப்பார்கள். போன மார்ச்சில் ‘உங்கள் இன்கிரிமெண்ட் கடிதம்’ என்று ஒன்று வந்தது. தகவல் பாதுகாப்பில் 14 வருஷம் குப்பை கொட்டியவன் நான். அனுப்பியவர் முகவரியில் ஓர் எழுத்து பிசகியிருந்ததைக் கண் பார்த்துவிட்டது. அதற்குள் கை லிங்க்கை அமுக்கிவிட்டது. தண்டனையாக இருபது நிமிஷ விழிப்புணர்வு வீடியோவைப் பார்க்க வைத்தார்கள். அந்த வீடியோவில் பேசுவதும் நான்தான். சுமாராகத்தான் பேசியிருக்கிறேன்.

அப்ரைசலில், என்னைவிட எட்டு வயது சின்னவரான மேனேஜர் பக்குவமாக ஆரம்பித்தார். “சார், லாக் பார்க்கிறதுல உங்களை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா அதுக்கு இப்ப டூல் வந்தாச்சு. ஒரு சர்ட்டிஃபிகேட் வாங்கிடுங்களேன்.” எனக்குக் கீழே இருக்கும் பையன்கள் பைத்தான் எழுதுகிறார்கள். மேலே இருப்பவர்கள் பவர்பாயிண்ட் போடுகிறார்கள். நடுவில் நான், எக்ஸெல்லோடு.

ஓ.எஸ்.சி.பி. என்ற ஹேக்கிங் தேர்வை எழுதலாமா என்று பார்த்தேன். 23 மணி 45 நிமிஷம் உட்கார்ந்து மெஷின்களை உடைக்க வேண்டும். என் இடுப்பு இருபது நிமிஷம் தாங்காது. ஆகவே பாதுகாப்பு நிர்வாகத்துக்கான சி.ஐ.எஸ்.எஸ்.பி.தான் என்று முடிவு செய்தேன். அதன் கட்டணம் 749 டாலர். மனைவியிடம் டாலரிலேயே சொன்னேன். மனசுக்குள்ளேயே பெருக்கிவிட்டாள்.

“அறுபதாயிரத்துக்கு மேல வருதே! வாஷிங் மெஷின் சுத்தறப்ப பாத்ரூம்லேருந்து நடந்து வருது, மாத்தலாம்னா காசில்லைன்னீங்க?”

பாடம் எட்டு டொமைன். அதைவிடக் கஷ்டம், பாஸானவர்கள் எல்லாரும் சொல்லும் உபதேசம்: டெக்னீஷியன் மாதிரி யோசிக்காதே, மேனேஜர் மாதிரி யோசி. எதிலும் உடனே கை வைக்காதே, முதலில் ரிஸ்க்கை மதிப்பிடு. ஆளுக்கு ஆபத்தென்றால் மட்டும் சர்வர் எரிந்தாலும் விட்டுவிட்டு ஆளைக் காப்பாற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி அடுப்பில் பாலை வைத்துவிட்டு, “பார்த்துக்கோங்க” என்று துணி எடுக்க மாடிக்குப் போனாள். என் கையில் புத்தகம். ரிஸ்க்கைச் சமாளிக்க நாலு வழி: தவிர்ப்பது, குறைப்பது, வேறொருவர் தலையில் கட்டுவது, ஏற்றுக்கொள்வது. பால் விளிம்புக்கு வந்தது. அடுப்பை அணைக்கலாம், அது டெக்னீஷியன் புத்தி. மூன்றாவது வழியில் இறங்கி, “டேய், பால்!” என்று மகனைக் கூப்பிட்டேன். அவன் காதில் ஹெட்ஃபோன். அதற்குள் பாலே நாலாவது வழியை முடிவு செய்துவிட்டது.

“பார்த்துக்கோங்கன்னுதானே சொன்னேன்?”

“பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்.”

பொய்யில்லை. மானிட்டரிங்கில் குறையே கிடையாது. சைபர் சம்பவம் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்ல வேண்டும் என்று 2022-இல் உத்தரவு போட்டார்கள். என் வீட்டில் அவகாசம் ஆறு விநாடி.

தேர்வு மையத்தில் பாக்கெட்டை உதறச் சொல்லி, உள்ளங்கை நரம்பை ஸ்கேன் செய்தார்கள். என் கையை அவ்வளவு அக்கறையாகப் பார்த்தவர் அதற்கு முன் கைரேகை பார்த்த ஜோசியர்தான். அவரும் உத்தியோக உயர்வு பற்றி வாய் திறக்கவில்லை. மூன்று மணி நேரம், 100-லிருந்து 150 கேள்வி. விடை கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்பிப் போக முடியாது. சரியாக 100-ஆவது கேள்வியோடு திரை நின்றது. அங்கேயே நின்றால் ஒன்று அமோகமாகப் பாஸ், அல்லது அமோகமாக ஃபெயில். ரிசல்ட் காகிதத்தை மடித்துக் கொடுத்த பெண் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பாஸ்.

“மார்க் எவ்வளவு?” என்றாள் மனைவி.

“பாஸானா மார்க் சொல்ல மாட்டாங்க.”

“அவ்ளோ காசு வாங்கிட்டு மார்க்கூட சொல்ல மாட்டாங்களா?”

“இன்னும் இருக்கு. வருஷா வருஷம் 135 டாலர் கட்டணும். மூணு வருஷத்துக்குள்ள படிச்சுக்கிட்டே இருந்ததா 120 பாயிண்ட் கணக்கும் காட்டணும்.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. வாஷிங் மெஷின்தான் பாத்ரூமிலிருந்து ஹாலுக்கு வந்து எட்டிப் பார்த்தது.