ஸ்கோர் ஷீட் எங்கே சார்?

விழுப்புரம் மாவட்டத்தில் காலேஜ் பேஸ்கட்பால் மேட்ச் பார்க்க வரும் ரசிகர்கள் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடுவார்கள். அவர்களுடைய அபிப்பிராயங்களை ஏற்றத்தான் லாரி வேண்டும். கிரிக்கெட்டில் கோடிப் பேர் சேர்ந்து ஒரே ஆளைத் திட்டுகிறார்கள். இங்கே பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பதின்மூன்று டீம் செலக்ட் செய்கிறார்கள்.

அந்தப் பன்னிரண்டில் நாலு பேர் ஆடுகிற பையன்களின் கிளாஸ்மேட்டுகள். இரண்டு பேர் டீமோடு வந்ததாகச் சொல்லி ஓ.டி. வாங்கியவர்கள், மேட்ச் ஓவர்டைம் போனால் அவர்களுக்குக் கொண்டாட்டம், அடுத்த பீரியடும் தப்பித்தது. ஒருவர் யாரோ ஒரு பையனின் தாய்மாமன். இன்னொருவர் பைக்கை நிழலில் நிறுத்த வந்தவர். மூன்றாவது குவார்ட்டருக்குள் அவரும் ரெஃபரிக்கு ரூல் சொல்ல ஆரம்பித்திருப்பார். மிச்சம் நாலு பேர்தான் நிலைய வித்வான்கள். எந்த டீம் ஆடினாலும் வருவார்கள். எந்த டீம் ஜெயித்தாலும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

விதிப்புத்தகப்படி கோர்ட்டின் நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர். ரிங் தரையிலிருந்து 3.05 மீட்டர், நம் கணக்கில் பத்து அடி. வித்வான்கள் புத்தகத்தை நம்புகிறவர்கள் அல்ல. "வடக்கால இருக்கிற ரிங்கு ரெண்டு இஞ்ச் எறங்கியிருக்கு சார். செகண்ட் ஹாஃப்ல அந்தப் பக்கம் போடறவன்தான் ஜெயிப்பான்" என்பார் ஒருவர். "தெக்கால இருக்கிறதுதான் எறக்கம்" என்பார் அடுத்தவர். ஒரு டேப் கொண்டுவந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துபோகும் வழக்கு இது. இதுவரை யாரும் டேப் கொண்டுவந்ததில்லை. தீர்ந்துபோனால் நாளைக்கு என்ன பேசுவது?

வித்வான்களில் மூத்தவர் எப்போதும் ஒரு முன்னாள் வீரர். அவரிடம் இந்தக் காலத்துப் பையன்களின் ஷூட்டிங் பற்றிக் கேட்கக் கூடாது. கேட்டால், "எம்பத்திரெண்டுல நான் த்ரீ பாயிண்டர் போட்டா பால் ரிங்கையே தொடாது தம்பி, வலை மட்டும்தான் ஆடும்" என்று தொடங்குவார். அமெரிக்காவின் என்.பி.ஏ. 1979-இல் மூன்று புள்ளிக் கோட்டைப் போட்டது உண்மை. ஆனால் உலகத்துக்கெல்லாம் விதி எழுதும் ஃபிபா அதை ஏற்றுக்கொண்டது 1984-இல்தான். செகண்ட் இயர் பையன் ஒருவன் இதைப் போனில் தேடி எடுத்து நீட்டினால் பெரியவர் அசருவாரா? "கோடு இல்லாத காலத்துலயே போட்டோம்னுதானே சொல்றேன். கோடு போட்டுக் குடுத்தா எவன் வேணா போடுவான்" என்பார். 2010-இல் ஃபிபா அந்தக் கோட்டை 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளியது. பெரியவர் 82-இல் நின்று போட்ட இடம் அதற்கும் ஓரடி பின்னால் என்பது பிறகு தெரியவரும்.

பெரியவரை மடக்க முடியாததற்கு விழுப்புரத்தின் கல்வி வரலாறும் ஒரு காரணம். 1993-இல் தென்னாற்காட்டிலிருந்து மாவட்டம் பிரிந்தபோது இங்குள்ள கலைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தன. 2002-இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்ததும் அதன்கீழ்ப் போயின. இப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். ஒரே கோர்ட்டில் ஆடிய அப்பா, மகன், பேரன் மூவரும் மூன்று பல்கலைக்கழக டீமின் செலக்‌ஷனுக்குப் போனதாகச் சொல்லிக்கொள்ளலாம். "மெட்ராஸ் யுனிவர்சிட்டி செலக்‌ஷன்னா சும்மாவா? லயோலா பசங்களைத் தாண்டிப் போகணும்" என்று மூத்தவர் சொல்லும்போது, வேலூருக்குப் பஸ் ஏறிப்போய் ஆடிய மகனின் தலைமுறைக்குக் கோபம் வருகிறது. நடுவில், 2021-இல், விழுப்புரத்துக்கே என்று ஜெயலலிதா பெயரில் ஒரு பல்கலைக்கழகம் சட்டமாகி, அதே ஆண்டில் அண்ணாமலையோடு சேர்க்கப்பட்டது. அந்தப் பல்கலைக்கழக டீம் ஒரு மேட்ச்கூடத் தோற்றதில்லை என்று ஒரு வித்வான் பெருமை பேசினால், மறுக்க யாரிடமும் ஆதாரம் இல்லை.

மேட்ச் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நாலு குவார்ட்டர், ஒவ்வொன்றும் பத்து நிமிடம், இடைவேளை, டைம் அவுட், அவ்வளவுதான். பேச்சு அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கிறது. விழுப்புரத்தில் மேட்ச் பார்த்துவிட்டுத் திண்டிவனம் திரும்புகிறவர்கள் பாசஞ்சரில் ஏறினால் முண்டியம்பாக்கத்தில் "கடைசி ஃபவுல் ஃபவுலே கிடையாது" என்று ஆரம்பிப்பார்கள். விக்கிரவாண்டி வருவதற்குள் ரெஃபரி எந்த ஊர், எந்தக் காலேஜில் படித்தவர் என்பதெல்லாம் அலசப்பட்டுவிடும். பேரணியில் எதிர் டீம் சென்டரின் வயது விசாரணைக்கு வரும். "மீசையைப் பாருங்கண்ணா. அவன் பையனையே காலேஜ்ல சேத்திருப்பான்." மயிலத்தில் முருகன் கோயில் இருக்கிற திசையைக் காட்டி ஒருவர் சத்தியம் செய்வார். ஸ்டேஷன்கள் தீர்ந்துவிடும், சண்டை தீராது. திண்டிவனத்தில் இறங்கி டீ சொல்லிவிட்டு மீண்டும் முதல் குவார்ட்டரிலிருந்து தொடங்குவார்கள்.

வயது விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடுகிறவர் 25 வயதைத் தாண்டக்கூடாது என்பது விதி. ரசிகர்களின் ஜாதகக் கணிப்பில் எதிர் டீமில் 25-க்குக் கீழே ஒருத்தனும் கிடையாது. சொந்த டீமில் இருப்பதெல்லாம் பால்குடி மறக்காத பிள்ளைகள்.

அடுத்தது ஹைட். பேஸ்கட்பால் பேசுகிற இடத்தில் இந்த வார்த்தை வராமல் இருக்காது. ஐந்தடி எட்டு அங்குலப் பையன் பாயிண்ட் கார்டாக ஓடி ஓடி இருபது பாயிண்ட் போட்டாலும், "ஆட்டம் இருக்கு, ஹைட்டு இல்லியே" என்று ஒரு பெருமூச்சு வரும். ஆறடி மூன்று அங்குலப் பையன் ரீபவுண்டுக்குக் குதிக்காமல் நின்றால், "ஹைட்டு இருக்கு, ஆட்டம் இல்லியே" என்று அதே வாயிலிருந்து அதே பெருமூச்சு. இந்த ஹைட் வழக்குக்கு உதாரண புருஷர் சத்னாம் சிங். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்துக்காரர். உயரம் ஏழடி இரண்டு அங்குலம். 2015-இல் டல்லாஸ் மேவரிக்ஸ் 52-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுக்க, என்.பி.ஏ. டிராஃப்டில் இடம்பிடித்த முதல் இந்தியரானார். ஆனால் என்.பி.ஏ. லீகில் ஒரு மேட்ச்கூட ஆடக் கிடைக்கவில்லை. பிறகு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். "ஹைட்டு மட்டும் போதாதுன்னு அப்பவே சொன்னேன்" என்று ஒரு கட்சி. "ஏழடி இருந்ததாலதானேய்யா அமெரிக்கா வரைக்கும் போனான்? உன்னை விழுப்புரம் ஜங்ஷன்லயே இறக்கிவிட்டாங்களே" என்று எதிர்க்கட்சி.

உள்ளூர்ப் பையன் ஒருவன் நன்றாக ஆட ஆரம்பித்தால் வேறொரு பிரச்சினை. சென்னையில் ஏதாவதொரு தனியார் காலேஜ் ஃப்ரீ சீட்டும் ஹாஸ்டலும் தருவதாகச் சொல்லி அவனை அழைத்துக்கொள்ளும். பொறியியல் கலந்தாய்விலேயே விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடம் இருக்கிறது. பையனுக்கு நல்லதுதான். வித்வான்கள்தான் இரண்டாகப் பிரிகிறார்கள். "இங்கயே இருந்திருந்தா நம்ம டீமு எங்கயோ போயிருக்கும்." "இங்கயே இருந்திருந்தா அவன் எங்கயும் போயிருக்க மாட்டான்." அதே பையன் ஜெயித்து வந்தால் இரண்டு கட்சியும் ஒன்று சேர்ந்து, அவனுக்கு லே-அப் சொல்லிக்கொடுத்ததே தாங்கள்தான் என்று தீர்மானம் போடும். 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த தேசிய சீனியர் போட்டியின் ஆண்கள் ஃபைனலில் பஞ்சாபை வீழ்த்தித் தமிழ்நாடு கோப்பையை எடுத்தது. இந்தியாவுக்கு ஆடிய முயின் பெக் ஹபீஸ் பெரிய ஆளா, அகிலன் பாரி பெரிய ஆளா என்பது அப்போதே சூடான கேள்வி. இன்றைக்கும் டீ ஆறுகிறதே தவிரக் கேள்வி ஆறவில்லை.

தேனி மாவட்டத்துப் பெரியகுளத்தின் பெயரை எடுத்தால் மட்டும் எல்லோரும் கொஞ்சம் அடங்குவார்கள். விழுப்புரத்தைவிடச் சின்ன ஊர். ஆனாலும் பல பத்தாண்டுகளாக மே மாதம் வந்தால் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே அகில இந்தியப் போட்டி நடத்துகிறது. பேங்க் டீம், ராணுவ டீம் என்று பெரிய பெரிய அணிகள் வந்து ஆடுகின்றன. "அங்க ஜனங்க வராங்க, அதனால டீம் வருது" என்று ஒருவர் சொல்ல, "டீம் வருது, அதனால ஜனங்க வராங்க" என்று மற்றவர் திருத்த, அடக்கம் அத்தோடு முடிந்தது.

எல்லாக் கட்சியும் ஒரே குரலில் பேசுகிற விஷயம் ஒன்று உண்டு. கோச்சுக்கு ஒன்றும் தெரியாது. இதில் கோச்சுகள் மனம் நோக வேண்டியதில்லை. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஜிம்மின் பால்கனியில் இரண்டு பீச் பழக்கூடைகளை மாட்டி இந்த ஆட்டத்தையே உண்டாக்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். முதல் மேட்சில் பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆடி, விழுந்தது ஒரே ஒரு கூடை. பிற்பாடு அவர் கன்சாஸ் பல்கலைக்கழக டீமுக்குக் கோச்சானார். 55 வெற்றி, 60 தோல்வி. பெரும் புகழ் பெற்ற அந்த டீமின் வரலாற்றில் ஜெயித்ததைவிட அதிகம் தோற்ற ஒரே கோச், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்தான். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920-இல் மெட்ராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இன்றைய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி. அங்கே படித்துவிட்டு வந்த பி.டி. சார்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். ஆக, நம்ம ஊர் கோச் திட்டு வாங்குவது நேர் வாரிசு உரிமை.

வெளிநாட்டில் சின்னக் காலேஜ் ரசிகர்கள் பொறுமைசாலிகள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மூன்றாம் டிவிஷன் என்று ஒரு பிரிவு இருக்கிறது. நானூற்றுக்கும் மேற்பட்ட காலேஜ்கள். ஆட்டத்துக்காக ஸ்காலர்ஷிப் தரக் கூடாது என்பது அங்கே சட்டம். மிச்சிகன் மாநிலத்தின் ஹோப், கால்வின் என்ற இரண்டு காலேஜ்களுக்கு நடுவே கிட்டத்தட்ட விழுப்புரம் திண்டிவனம் தூரம்தான். இரண்டுமே டச்சுக்காரர்கள் வழிவந்த திருச்சபைகளின் கல்லூரிகள். பங்காளிச் சண்டை நூறு ஆண்டாக நடக்கிறது.

அதைவிடப் பெரிய சண்டை 2012 நவம்பர் 20 அன்று மூண்டது. அயோவா மாநிலத்தின் கிரினெல் காலேஜுக்காக ஜாக் டெய்லர் என்ற பையன் ஒரே மேட்சில் 138 பாயிண்ட் போட்டான். அவன் ஆடிய 36 நிமிடத்தில் ரிங்கை நோக்கி எறிந்தது 108 தடவை. இருபது விநாடிக்கு ஒன்று. விழுந்தது 52. கிரினெல் 179-104 என்று ஜெயித்தது. சாதனை என்றார்கள் பாதிப் பேர். சின்ன டீமைப் பிடித்துவந்து ஒரே ஆளிடம் பந்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பது ஒரு ஆட்டமா என்றார்கள் மீதிப் பேர். இந்தக் கலாட்டாவில் ஒரு பாவப்பட்டவனை எல்லோரும் மறந்துபோனார்கள். தோற்ற ஃபெய்த் பாப்டிஸ்ட் பைபிள் காலேஜின் டேவிட் லார்சன் அதே மேட்சில் 70 பாயிண்ட் போட்டிருந்தான். 44 ஷாட்டில் 34 உள்ளே. வேறெந்த நாளாக இருந்தாலும் பேப்பரில் படத்தோடு வந்திருக்கும். இந்த வழக்கு திண்டிவனம் டீக்கடைக்கு வந்தால் தீர்ப்பில் சந்தேகமே வேண்டாம்: லார்சன்தான் பிளேயர்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 108-உம் 44-உம் எழுதி வைக்கப்பட்டதால்தான் லார்சனுக்காக இன்றைக்கும் யாராவது வாதாட முடிகிறது. நம்ம பக்கம் வாதம் உண்டு, வக்கீல் உண்டு, சாட்சி உண்டு, ஆவணம்தான் கிடையாது. ஃபிபா விதிப்படி ஸ்கோர் ஷீட் ஒரு மூலமும் மூன்று நகலும். மூலம் வெள்ளை, போட்டி நடத்துகிறவர்களுக்கு நீலம், ஜெயித்த டீமுக்கு பிங்க், தோற்ற டீமுக்கு மஞ்சள். தோற்றவனுக்கு மஞ்சக் கடுதாசி கொடுக்கும் வழக்கம் ஃபிபாவிலும் இருக்கிறது என்பது நமக்கு ஒரு ஆறுதல். சின்னக் காலேஜ் மேட்சில் கலர் பேப்பருக்கு எங்கே போவது? கார்பன் வைத்து எழுதிய தாள் ஒன்று இருந்தால் பெரிது. யார் எத்தனை பாயிண்ட், யாருக்கு எத்தனை ஃபவுல் என்பதெல்லாம் அதில் இருக்கும். அது பீரோவுக்குள் போகும். வெள்ளையடிக்கும்போது பீரோ இடம் மாறும். தாள் எங்கே போனது என்பது பீரோவுக்கே தெரியாது. பத்து வருடம் கழித்து அந்தப் பையன், "இன்டர்-காலேஜ்ல முப்பத்தி நாலு போட்டேன்டா" என்று சொன்னால் நம்புவதற்கு அவன் பிள்ளைகூடத் தயங்குவான். உண்மையிலேயே போட்டவனும் வாய்ச் சொல்லில் போட்டவனும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருப்பதுதான் இதில் அநியாயம்.

மாவட்டத்தில் அடுத்த இன்டர்-காலேஜ் போட்டியோ முதலமைச்சர் கோப்பையோ நடக்கும்போது ஒரு நடை போய்ப் பாருங்கள். உட்கார இடம் தாராளமாக இருக்கும். எந்தக் கட்சியில் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளுங்கள். மேட்ச் முடிந்ததும் டேபிளில் இருக்கும் ஸ்கோர் ஷீட்டை, ஸ்கோரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, போனில் படம் எடுத்து ஆடிய பையன்களுக்கு அனுப்பிவையுங்கள். தேதியும் டீம் பெயரும் தெளிவாகத் தெரியும்படி எடுங்கள்.