மூன்று நிமிட வீரனும் 22 வருட வழக்கும்

அல்ட்ராமேனுக்குப் பூமியில் மூன்று நிமிடம்தான் தெம்பு. நெஞ்சில் இருக்கும் விளக்கு சிவந்து மினுங்கினால் நேரம் முடியப்போகிறது என்று அர்த்தம். அதற்குள் அரக்கனை அடித்துப் போட்டுவிட்டுப் பறந்துவிட வேண்டும். 1966-ல் ஜப்பான் டிவிக்கு வந்ததிலிருந்து அந்த வேலையை அவன் ஒழுங்காகத்தான் செய்தான்.

அவனை விற்கும் உரிமை யாருக்கு என்று சொல்ல நீதிமன்றங்களுக்கு 22 வருடம் பிடித்தது. அப்படியும் ஒரே பதில் வரவில்லை.

விவகாரம் ஒரே ஒரு தாள். தேதி 1976 மார்ச் 4. ஜப்பானுக்கு வெளியே அல்ட்ராமேன் உள்பட ஒன்பது படைப்புகளை விற்கும் உரிமையைத் தாய்லாந்துத் தயாரிப்பாளர் சோம்போட்டுக்குக் காலவரையறை இல்லாமல் எழுதிக் கொடுக்கிறது அது. கையெழுத்து, அல்ட்ராமேனைத் தயாரித்த சுபுராயா நிறுவனத்தின் தலைவர் நொபோரு சுபுராயாவுடையது என்கிறார்கள். அவரையே கேட்டிருக்கலாம். ஆனால் அவர் 1995-ல் இறந்துவிட்டார். தாள் அதற்குப் பிறகுதான் சபைக்கு வந்தது. இருபது வருடம் பெட்டியில் தூங்கிய தாளுக்கு என்ன நேரம் பார்த்து விழிப்பு!

தாளில் நிறுவனத்தின் பெயர் சரியில்லை. சில தொடர்களின் பெயரும் சரியில்லை. சரி, மோசடி என்று தள்ளிவிடலாமா? முடியாது. 1996-ல் சுபுராயா நிறுவனமே அந்த ஒப்பந்தத்தை ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் கொடுத்திருந்தது. ஒப்புக்கொண்ட கையோடு, மறு வருடமே பாங்காக்கில் வழக்கும் போட்டது. தொட்டிலையும் ஆட்டிப் பிள்ளையையும் கிள்ளுவதில் இரு தரப்பும் சளைத்தவர்கள் அல்ல.

டோக்கியோவிலும் தனி வழக்கு. ஒரே தாள், ஒரே கையெழுத்து, இரண்டு நீதிமன்றங்கள். 2004-ல் ஜப்பான் உச்ச நீதிமன்றம் வரை போய் நின்ற முடிவு: தாள் அசல். 2008-ல் தாய்லாந்து உச்ச நீதிமன்றம்: தாள் போலி. சொந்த நாட்டுக்காரன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்று பழி போடவும் வழியில்லை. ஜப்பான் நீதிமன்றம் தாய்லாந்துக்காரருக்கு உரிமை கொடுத்தது. தாய்லாந்து நீதிமன்றம் ஜப்பான்காரருக்குக் கொடுத்தது. இவ்வளவு பெருந்தன்மையை எந்த உலக அமைதி மாநாட்டிலும் பார்க்க முடியாது.

அதோடு விட்டார்களா? 2013-ல் சீன உச்ச நீதிமன்றம் தாளை ஏற்றுக்கொண்டது. 2015-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் இன்னொரு வழக்கு. தொடுத்தது சோம்போட்டிடமிருந்து உரிமை வாங்கிய ஒரு ஜப்பான் கம்பெனி. எதிராளி சுபுராயா, அதுவும் ஜப்பான் கம்பெனி. டோக்கியோக்காரர்கள் இருவர் பசிபிக் கடலைத் தாண்டிப் போய்க் கட்டிப் புரண்டார்கள். அங்கே ஜூரி சொன்னது: போலி. 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஆமாம் போட்டது.

இரண்டு அசல், இரண்டு போலி. கிரிக்கெட்டாக இருந்தால் தொடர் டிரா.

கேட்டால் சட்டம் படித்தவர்கள் கனைத்துக்கொண்டு விளக்குவார்கள். பதிப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. 1886-ல் போட்ட பெர்ன் உடன்படிக்கை, அயல்நாட்டான் படைப்பையும் உன் நாட்டான் படைப்புபோலக் காப்பாற்று என்கிறது. பக்கத்து நாட்டுத் தீர்ப்பை மதி என்று அதில் ஒரு வரியும் கிடையாது. நல்லது. சட்டம் எல்லைக்கு எல்லை மாறட்டும். செத்தவர் கையெழுத்துமா மாறும்? அவர் போட்டார் அல்லது போடவில்லை. பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தால் மை நிறம் மாறுமா?

1974-ல் தாய்லாந்தில் இதே இரு தரப்பும் சேர்ந்து ஒரு படம் எடுத்தார்கள். அனுமனும் ஆறு அல்ட்ராமேன்களும் தோளோடு தோள் நின்று அரக்கர்களை அடிக்கிற படம். பொருத்தமான கூட்டு. பூனைகள் அப்பத்துக்குச் சண்டையிட, குரங்கு தராசு பிடித்துத் தின்று தீர்த்த கதை நமக்குப் பாட்டி சொன்னது. இங்கே தராசு நான்கு. எடை போட்ட ஒவ்வொரு முறையும் வக்கீல் கட்டணம் என்று ஒரு கடி. நீதிபதிக்கும் நீதிமன்றக் கட்டடத்துக்கும் ஆன செலவு, அல்ட்ராமேன் பொம்மையைக்கூட வாங்காத குடிமகன் கட்டிய வரி.

இத்தனையும் எதற்காம்? படைப்பாளியைக் காப்பாற்றவாம். அந்த வெள்ளி முகத்தையும் சிவப்புக் கோடுகளையும் வரைந்தவர் டோரு நரிதா என்ற ஓவியர். சுபுராயாவுக்காக வேலை பார்த்தவர். 2002-ல் அவர் இறந்தபோது பாங்காக்கிலும் டோக்கியோவிலும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. இரண்டிலும் அவர் கட்சிக்காரர் இல்லை.