பச்சை இலையும் அதலைக்காயும்

எங்கள் அச்சாபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு பச்சை இலை இருக்கிறது. நுனியில் ஒரு பனித்துளியோடு லேசாகச் சாய்ந்து நிற்கும். ஊதுபத்தி அட்டை, சத்துமாவு பாக்கெட், கூந்தல் தைலம், கரப்பான்பூச்சி மருந்து என்று அது போகாத இடமில்லை. பார்ட்டி வந்து உட்கார்ந்ததும், "கொஞ்சம் நேச்சுரலா இருக்கட்டும் அண்ணாச்சி" என்பார். நான் இலையை இழுத்துப் போடுவேன். பூச்சியைக் கொல்லும் இலையும் பிள்ளையை வளர்க்கும் இலையும் ஒன்றுதான் என்பது எனக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். அச்சானபின் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், நீலப் புள்ளிகளும் மஞ்சள் புள்ளிகளும் டவுன் பஸ் கணக்கில் நெருக்கியடித்து நிற்கும். அதில் பச்சை மை என்று தனியாக ஒன்று கிடையாது.

அதுவும் எங்கள் ஊரில் பச்சைக்குப் பஞ்சமே இல்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுக்குத்தான் அனுமதி என்று சொன்னதிலிருந்து, பட்டாசுப் பெட்டியிலும் பச்சை முத்திரையும் கியூ.ஆர். கோடும் ஏறிவிட்டன. புஸ்வாணமே பசுமையாகலாம் என்றால் துவரம்பருப்பு ஆகக்கூடாதா?

ஆகக்கூடாது என்றாள் மகள். சென்னையில் சுற்றுச்சூழல் படிக்கிறாள். தீபாவளி லீவுக்கு வந்தவள், மளிகைச் சிட்டையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சூப்பர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனாள். எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் முதலில் அதைக் குப்புறப் போட்டாள்.

"முன்பக்கம் பாக்காதீங்கப்பா. அது யாரோ சும்மா வரைஞ்சது."

அந்த 'யாரோ' பக்கத்தில்தான் டிராலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சான்று பெற்ற இயற்கை விளைபொருள் என்றால் 'ஜைவிக் பாரத்' முத்திரை இருக்குமாம். 2017-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்தது. அது இல்லாமல் தோப்பையே வரைந்து வைத்திருந்தாலும் சும்மாதானாம். அங்கிருந்த சத்துமாவு ஒன்றில் எங்கள் இலை பனித்துளியோடு சிரித்துக்கொண்டிருந்தது. நான் தெரியாத மாதிரி நகர்ந்தேன்.

பழ வரிசையில் எனக்கும் ஒரு சான்ஸ் கிடைத்தது. நியூசிலாந்து கிவியைக் காட்டி, "எத்தனை கடல் தாண்டி வந்திருக்கு பாத்தியா? இதை வாங்கலாமா?" என்று சுற்றுச்சூழலுக்காகப் பொங்கினேன். விலையும் சுற்றுச்சூழலுக்குச் சாதகமாகவே இருந்தது. அவள் அசரவில்லை. 2018-ல் பூர், நெமெசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உலகம் முழுக்க 38,000-க்கும் மேற்பட்ட பண்ணைகளின் கணக்கை எடுத்து 'சயின்ஸ்' இதழில் எழுதியிருக்கிறார்களாம். உணவால் வரும் கரியமில வகையறாவில் போக்குவரத்தின் பங்கு ஆறு சதவீதம் போலத்தானாம். எவ்வளவு தூரம் வந்தது என்பதைவிட என்ன பொருள், எப்படி விளைந்தது என்பதுதான் பெரிய விஷயம்; விமானத்தில் பறந்து வந்தால்தான் கதை வேறு. மாட்டுக்கறியும் ஆட்டுக்கறியும் பட்டியலில் மேலே நிற்கின்றன. தண்ணீர் தேங்கிய வயலில் மீத்தேன் கிளம்புவதால் அரிசியும் அப்படியொன்றும் யோக்கியமில்லை.

அரிசி விவகாரத்தை வீட்டில் வந்து சொல்லியிருக்க வேண்டாம். என் அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"பிறகு எதைத் திங்கச் சொல்லுறா?"

"குதிரைவாலி, பாட்டி. நம்ம மானாவாரிக் காட்டுல விளையுறது. தண்ணியும் கம்மி."

"ஏ தாயி, அரிசிச் சோறு கிடைக்காதான்னு ஏங்கிக்கிட்டே தின்னதுடீ அது. பொங்கலுக்கும் தீவாளிக்கும்தான் நெல்லுச்சோறு. இப்பத்தான் நாலு வருசமா நிம்மதியா திங்கேன்."

அம்மா சொல்லும் நாலு வருசம் என்பது அரை நூற்றாண்டு. ஆனால் குதிரைவாலியின் இப்போதைய விலையைக் கேட்டதும் அவர் வாயடைத்துப் போனது உண்மை. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த நேரத்தில், எங்கள் அச்சாபீஸில் வரகும் சாமையும் பாக்கெட் பாக்கெட்டாக ஓடின. இல்லாதவன் வீட்டுத் தானியத்துக்கு ஜிகினா சட்டை போட்டுவிட்டவர்களில் நானும் ஒருவன்.

அந்தச் சட்டையையும் மகள் விடவில்லை. காலி பாக்கெட் ஒன்றைக் கத்தரித்து, ஓரத்தை நகத்தால் நெருடிக் காட்டினாள். மேலே அச்சடித்த பிலிம், நடுவில் அலுமினியம், உள்ளே இன்னொரு பிளாஸ்டிக். பசைபோட்டு ஒட்டியதால் பிரிக்க வராது. பிரிக்க வராததால் பழைய பேப்பர்க்காரர்கூடத் தொடமாட்டார். எனக்கு இது பாடமா? ஒட்டுகிற கூட்டமே நாங்கள்தானே.

பை விஷயத்தில் மட்டும் நான் தலைநிமிர்ந்து நின்றேன். 2019 ஜனவரியில் அரசு பிளாஸ்டிக் பைக்குத் தடை போடுவதற்கு முன்பும், 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அழைப்பதற்கு முன்பும், எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் மஞ்சப்பைதான் தொங்கியது. எல்லாம் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள். இதற்கும் அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள்: 2011-ல் பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை போட்டது. ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்தினால்தான், ஒரே தடவை பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாகுமாம். நான் கையிலிருந்த பையை விரித்துக் காட்டினேன். அதில் பெயர் அச்சான மணமக்கள் கோர்ட்டுக்குப் போய்ப் பிரிந்தே விட்டார்கள். பையில் இன்னும் ஒரு தையல்கூட விடவில்லை.

மறுநாள் காலையில் தெருவில் சத்தம் கேட்டது. "அதலக்கா... அதலக்காயேய்!"

கரிசல்காட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: அதலைக்காய் என்பது பாகலுக்குச் சித்தப்பா பிள்ளை. விரல் நுனியளவு, மேலே வரிவரியாக இருக்கும், கசக்கும். இதை யாரும் வேலை மெனக்கெட்டு விதைப்பதில்லை. கிழங்கு மண்ணுக்குள் கோடை முழுக்கத் தூங்கிவிட்டு, மழை விழுந்ததும் வரப்பிலும் தரிசிலும் தானாகக் கொடி விடும். உரம் கிடையாது, மருந்து கிடையாது, பம்புசெட்டு கிடையாது. பறித்து வைத்தால் ஓரிரு நாளில் பழுத்து வாய் பிளந்துவிடும். எந்தக் கம்பெனியும் இதைப் பாக்கெட்டில் அடைத்து மும்பைக்கு அனுப்பாததற்கு அதுதான் காரணம்.

உலகத்தில் 2022-ல் 105 கோடி டன் உணவு வீணானது என்று ஐ.நா. கணக்கிட்டிருக்கிறது, அதில் பாதிக்கு மேல் வீடுகளில்தான். எங்கள் பிரிட்ஜில் கறுத்துக் கிடக்கும் கொத்தமல்லியும் அதில் சேர்த்தி. அதலைக்காயிடம் அந்த வேலை நடக்காது. வாங்கினால் அன்றைக்கே சட்டிக்குப் போயாக வேண்டும்.

அம்மா கூறு சின்னது என்று சண்டை போட்டு, ஒரு கைப்பிடி கொசுறு வாங்கி, சேலை முந்தியில் ஏந்திக்கொண்டு வந்தார். பையோ சீட்டோ முத்திரையோ எதுவும் இல்லை. மகள் குப்புறப் போட்டுப் பார்க்க ஒன்றும் சிக்கவில்லை. காம்பையும் நுனியையும் கிள்ளி, சின்ன வெங்காயம், புளி சேர்த்து, நல்லெண்ணெயில் சுருளச் சுருள வதக்கினார். மிச்சத்தை மோரில் ஊறவைத்து வற்றல் போட்டார்.

அந்த வற்றலைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் நிரப்பி, பொதிகை எக்ஸ்பிரஸில் மகள் சென்னைக்குக் கொண்டுபோனாள். ஒரு வாரத்தில் போன் வந்தது. ஹாஸ்டலில் பாட்டில் காலியாம், பிள்ளைகள் இன்னும் கேட்கிறார்களாம், மாதா மாதம் அனுப்ப முடியுமா என்று ஸ்பீக்கரில் கேட்டாள்.

"தை தாண்டுனா காய் ஏது?" என்றார் அம்மா. "அடுத்த மழை பேயட்டும்னு சொல்லு."