கோஸ்தான் போட்டுப் பார்த்தீர்களா?

கே: இரண்டு லட்சம் வெள்ளி கொடுத்து மின்சாரக் காடி வாங்கப் போகிறேன். பார்க்கிங் சென்சார் இல்லையாம். “அதுதான் சுற்றிலும் கேமரா இருக்கிறதே” என்கிறார்கள். நான் கவலைப்படலாமா?
– குடும்பத் தலைவர், பண்டார் ரிஞ்சிங், செமினி

ப: அளவாகப் படலாம். காடியின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. விலையும் குறையும் சேர்ந்து காட்டிக்கொடுத்துவிட்டன: டெஸ்லா. 2023 ஜூலை 20-இல் மலேசியாவில் கடை விரித்தபோது மாடல் ஒய்யின் விலை 199,000 வெள்ளியில் தொடங்கியது. அதற்கு முன்பே, 2022 அக்டோபரில், மாடல் 3, மாடல் ஒய் இரண்டிலும் பம்பரில் இருந்த பன்னிரண்டு சென்சார்களையும் அந்த நிறுவனம் சில நாடுகளில் கழற்றத் தொடங்கியிருந்தது. கேமராவே போதும் என்பது அவர்கள் கட்சி.

வேடிக்கை என்னவென்றால், சென்சாரை எடுத்த அன்று கேமராவுக்கு அந்த வேலையே தெரியாது. தடை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லும் வசதி மென்பொருள் வழியாக வந்துசேர 2023 மார்ச் ஆனது. பந்தி நடக்கும்போதே பழைய சமையல்காரரை அனுப்பிவிட்டு, புதியவரைச் சமையல் படிக்க அனுப்பிய கல்யாண வீடுதான்.

இப்போது புதியவர் ஓரளவு தேறிவிட்டார். 2023 இறுதியில் வந்த மென்பொருள், சுற்றியிருப்பதை முப்பரிமாணப் படமாகத் திரையில் வரைகிறது. 2025-இல் வந்த புதிய மாடல் ஒய்யில் முன் பம்பரிலும் ஒரு கேமரா வைத்துவிட்டார்கள். மூக்குக்குக் கீழே ஒரு கண் தேவை என்று அவர்களே ஒப்புக்கொண்டதாக நான் எடுத்துக்கொள்கிறேன். விலை குறைகிறதே என்று பழைய மாடல் ஒய்யை இரண்டாம் கையாக வாங்கினால் அந்தக் கண் கிடைக்காது.

கே: சென்சாருக்கும் கேமராவுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?
– மாணவர், காஜாங்

ப: சென்சார் கேட்கிறது, கேமரா பார்க்கிறது. சென்சார் நம் காதுக்கு எட்டாத ஒலியை, நொடிக்குச் சுமார் 40,000 அதிர்வோ அதற்கு மேலோ, அனுப்பிவிட்டு அது முட்டித் திரும்பும் நேரத்தைக் கணக்கிடும். ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். சுவர் ஒரு மீட்டர் தள்ளியிருந்தால் எதிரொலி ஆறு மில்லி விநாடியில் திரும்பிவிடும். இருட்டானாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் மெல்லிய சங்கிலியையும் தாழ்ந்த நடைபாதை விளிம்பையும் கோட்டைவிடும். கேமரா உருவத்தை அடையாளம் காணும். சாயங்கால மழையில் லென்ஸில் சேறு தெறித்துவிட்டால் கதை முடிந்தது.

கே: இரண்டில் எதை நம்பலாம்?
– அதே மாணவர்

ப: கழுத்தை. சாலை வரி கிடையாது, அப்டேட்டும் வேண்டாம்.

கே: ஓட்டிப் பார்க்க லேக்காஸ் நெடுஞ்சாலைக்கு அழைத்துப் போனார்கள். பறந்தது! அதற்கு மேல் என்ன சோதிக்க வேண்டும்?
– புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், பெரானாங்

ப: நெடுஞ்சாலையில் எந்த மின்காடியும் பறக்கும். வாங்கிய பிறகு தினமும் நீங்கள் செய்யப்போவது இரண்டே வேலை: செமினி – காஜாங் சாலையில் ஊர்ந்து போவது, வீட்டு போர்ச்சில் கோஸ்தான் போடுவது. ஆகவே காடியை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போக அனுமதி கேளுங்கள். நம் தாமான் இணைப்பு வீடுகளின் வாசலில் என்னதான் இல்லை? தானாகத் திறக்கும் கேட்டின் இரும்புக் கை, துளசிச் சட்டி, கால்வாயின் கம்பி மூடி, பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டி, சில வீடுகளில் சிவப்புச் சாயம் பூசிய சாமி மேடை. இவற்றில் எது திரையில் தெரிகிறது, எது மறைந்துபோகிறது என்று பாருங்கள்.

பின்னால் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்து மெதுவாக வாருங்கள். எத்தனை சென்டிமீட்டரில் எச்சரிக்கிறது, எந்த இடத்தில் எண்ணைக் காட்டாமல் வெறுமனே ‘நில்’ என்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பகலில் ஒருமுறை, இருட்டிய பின் ஒருமுறை. மழையும் பெய்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், விற்பனையாளருக்குச் சோதனை. வாளிக்குப் பதில் தம்பியை நிறுத்தி விஷப்பரீட்சை செய்யாதீர்கள். கடைசியாக காஜாங் எம்ஆர்டி நிலையத்தின் வாகன நிறுத்தத்தில் ஒரு தூண் ஓரமாக நிறுத்திப் பாருங்கள். வேலைக்குப் போகும் அவசரத்தில் நீங்கள் தினமும் சந்திக்கப்போவது அந்தத் தூணைத்தான்.

கே: அக்சசரி கடையில் சில நூறு வெள்ளிக்குச் சென்சார் மாட்டித் தருகிறார்களே?
– வாடகைக்காடி ஓட்டுநர், கிள்ளான்

ப: சாதாரணக் காடிக்கு மாட்டலாம், எத்தனையோ பேர் மாட்டியிருக்கிறார்கள். பின் பம்பரில் நான்கு ஓட்டை போட்டு, கோஸ்தான் விளக்கிலிருந்து மின்சாரம் எடுப்பார்கள். அந்தக் கருவி 12 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. டெஸ்லாவின் புதிய காடிகளிலோ பழைய 12 வோல்ட் ஈய பேட்டரியே இல்லை, சுமார் 16 வோல்ட் லித்தியம் பேட்டரி இருக்கிறது. எந்த மின்காடியானாலும் ஆரஞ்சு நிறக் கேபிள் உயர் அழுத்தம், அதன் பக்கம் யாரும் கைவைக்கக் கூடாது. முதலில் உத்தரவாதம் என்னாகும் என்று சேவை மையத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வந்த பிறகு ஓட்டை போடலாம்.

கே: என் மனைவி பழைய மைவியை சென்சார், கேமரா எதுவும் இல்லாமல் ஒரே வீச்சில் நிறுத்துகிறார். அவருக்கு இதெல்லாம் தேவையா?
– பணி ஓய்வு பெற்றவர், பிரிக்பீல்ட்ஸ்

ப: இப்போதைய மைவியின் அகலமே 1,735 மில்லிமீட்டர்தான். மாடல் ஒய் 1,921. ஏறக்குறைய ஒரு சாண் அதிகம். பிரிக்பீல்ட்ஸில் அந்த ஒரு சாணுக்குத்தான் சண்டையே நடக்கிறது. காடியை ஓட்டிப் பார்க்க உங்கள் மனைவியை அனுப்புங்கள். நீங்கள் பின்னால் உட்கார்ந்து வாயை மூடிக்கொள்ளலாம்.

கே: லேசாகத் தட்டினால் காப்புறுதி இருக்கிறதே, பிறகென்ன பயம்?
– கணக்காளர், காஜாங்

ப: கணக்காளரா கேட்பது! கோரிக்கை வைக்காத ஓட்டுநருக்குக் கிடைக்கும் என்சிடி தள்ளுபடி 25 விழுக்காட்டில் தொடங்கி, 30, 38.33, 45 என்று ஏறி, ஐந்து ஆண்டில் 55-ஐத் தொடுகிறது. உங்கள் தவறில் தூணில் இடித்து ஒரே ஒரு கோரிக்கை வைத்தால் மறுபடி சுழியம். பிரீமியம் 4,000 வெள்ளி என்றால் 55 விழுக்காடு 2,200. பம்பருக்குச் சாயம் பூச அதைவிடக் குறைவாகக் கேட்டால் கைக்காசைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காதீர்கள். விலை கூடிய காடிக்குப் பிரீமியமும் கூடும், அதனால் இழப்பும் கூடும்.

கே: உள்நாட்டு மின்காடியில் சென்சார் உண்டா?
– ஆசிரியை, செமினி

ப: ரகத்துக்கு ரகம் மாறும். 59,800 வெள்ளியில் தொடங்கும் விலையோடு புரோட்டோன் இ.மாஸ் 5 2025 அக்டோபர் 30-இல் வந்தது. அடிப்படை ரகத்துக்கும் மேல் ரகத்துக்கும் வசதிப் பட்டியலை அருகருகே வைத்துப் படியுங்கள். “முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை?” என்று தனித்தனியாகக் கேளுங்கள். ‘ரிவர்ஸ் கேமரா உண்டு’ என்று பதில் வந்தால், நீங்கள் கேட்டது அதுவல்ல. பெரோடுவாவின் கியூவி-இ 2025 டிசம்பரில் 80,000 வெள்ளிக்கு அறிமுகமானபோது பேட்டரியே விலையில் சேரவில்லை, அதற்கு மாதம் 275 வெள்ளி வாடகை. பேட்டரி இல்லாமலே காடி விற்கும் காலத்தில் சென்சாருக்குப் போய் அழலாமா டீச்சர்!

கே: புதுக் காடிக்குப் பூசை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்குவோமே, மின்காடிக்கும் அது உண்டா?
– இல்லத்தரசி, புரோகா

ப: தாராளமாக. டயருக்கடியில் வைத்த பழத்தைப் பார்க்கச் சென்சாராலும் முடியாது, கேமராவாலும் முடியாது. ஒன்றில் மட்டும் கவனம். பெட்ரோல் காடி உறுமுவதைக் கேட்டு ஐயர் ஒதுங்கிக்கொள்வார். இது நிற்கும்போது சத்தமே போடாது. கற்பூரம் காட்ட அவர் முன்னால் வருவதற்குள் கியர் ‘பி’-யில் இருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் வீட்டுக்காரரின் கால் எதன்மேல் இருக்கிறது என்பதையும்.