சிறுசுன்னா சாதுன்னு எவம்லே சொன்னான்?

வாலே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. நாய் வாங்கப் போறியாமே. சின்ன நாயாம். மடியில வச்சுக் கொஞ்சுற நாயாம். ஏற்கெனவே பட்டணத்து வீட்டுல ஒரு பூனை கெடக்கு. ஒரு மொசல் இருக்கு. பால்கனியில லவ் பேர்ட்ஸ் கத்துது. இதுக எல்லாத்தோடயும் சண்ட சாடி இல்லாம இருக்க ஒரு சாதி சொல்லுங்க தாத்தான்னு கேக்க. ஒனக்குப் பொண்ணு பாக்கும்போதுகூட நாம இம்புட்டு விசாரிக்கலயேலே.

சரி, நீ எதப் பாத்து வச்சிருக்க? ஜாக் ரஸ்ஸலா? ஏன்? "ஆறேழு கிலோதான் தாத்தா, கூடையிலயே தூக்கிட்டுப் போயிரலாம்." அடேயப்பா. தராசுல வச்சுக் கொணத்த நிறுத்துட்டியாக்கும்.

அந்தச் சாதி எங்ஙன இருந்து வந்துச்சுன்னு கேட்டியா? இங்கிலாந்துல டெவன் சீமையில ஜான் ரஸ்ஸல்னு ஒரு பாதிரியாரு இருந்தாரு. 1800-கள்ல. பூசை முடிஞ்ச கையோட குதிரை ஏறி நரி வேட்டைக்குக் கெளம்பிருவாரு. நரி பொந்துக்குள்ள பதுங்கிட்டா என்ன செய்ய? உள்ள பூந்து அத வெளிய வெரட்ட ஒரு நாய் வேணும். அதுக்குன்னே பாத்துப் பாத்து வளத்தெடுத்த சாதிலே அது. அது சிறுசா இருக்கது ஒன் மடிக்காக இல்ல, நரிப் பொந்துக்காக. ஒன் மொசல் சோபாவுக்கு அடியில பூந்து ஓடுச்சுன்னு வையி, பாதிரியார் வளத்த பரம்பரையாச்சேன்னு அது செபமா பண்ணிக்கிட்டிருக்கும்?

அடுத்து ஒருத்தன், குட்டக் காலும் நீள ஒடம்புமா இருப்பான். டாஷ்ஹண்ட். பாக்கச் சிரிப்பா வரும். ஜெர்மனிக்காரன் அவன வளைக்கரடி பிடிக்க வளைக்குள்ள அனுப்பினான். இருட்டுக்குள்ள ஒத்தையில போயி, பல்லும் நகமுமா நிக்கிற மிருகத்தோட மல்லுக்கு நின்ன பய அவன். ஒன் பூனை அவனுக்கு எம்மாத்திரம்? அதுபோக, அந்த நீள முதுகு ஒரு தொந்தரவு. சோபாவுல ஏறி எறங்கியே முதுகெலும்புத் தட்டு பிசகிப் படுத்துக்கிடும்.

யார்க்‌ஷயர் டெரியருக்குத் தலையில ரிப்பன் கட்டிப் போட்டோ எடுக்காக. ஒரு காலத்துல வட இங்கிலாந்து நூல் மில்லுகள்ல எலி பிடிச்சுப் பொழச்ச நாய் அது. ரிப்பன் கட்டிட்டா எலிய மறந்துருமா? பீகிள் தங்கமான நாய்தான், மத்த நாயோட நல்லாப் பழகும். கூட்டமா மொசல் வெரட்டின பரம்பரையாச்சே, பழகித்தான ஆவணும். நீ மொசலயும் வச்சுக்கிட்டு பீகிளயும் கேக்க. ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணு.

முடி எம்புட்டு நீளம், காது எப்படித் தொங்குது, கண்ணு எம்புட்டு உருண்டன்னு பாக்காதலே. அதோட பாட்டன் பூட்டன் என்ன சோலி பாத்தான்னு கேளு. கென்னல் கிளப்புச் சீட்டு இருக்குங்கான் விக்கிறவன். சீட்டுல அப்பன் பேரு இருக்கும், ஆத்தா பேரு இருக்கும். கோழியக் கண்டா என்ன செய்வான்னு இருக்குமா?

சோலியே பாக்காம உக்காந்து தின்ன பரம்பரையும் உண்டு. சீனத்து அரமனையில மடி மாத்தி மடி கெடந்த பக், ஷிட்ஸு. இங்கிலாந்து ராசா இரண்டாம் சார்லஸ் பேர வச்சுக்கிட்டுத் திரியிற கேவலியர். பூனையப் பாத்தா இதுக மோந்து பாக்கும், தும்மும், திரும்பிப் படுத்துக்கிடும். ஒன் வீட்டுக்கு இந்த வகையறாதான் ஓரளவு தோது. ஆனா அரமனைச் செல்லத்துக்கு அரமனைச் சீக்கும் உண்டுலே. கேவலியருக்கு இருதய வால்வு பழுதாகுறது சாஸ்தி. ஷிட்ஸுவுக்குத் தெனம் முடி சீவணும், இல்லன்னா சிக்குப் பிடிச்சுப் புண்ணாயிரும். ஒந்தலையச் சீவியே எத்தன நாளாச்சு?

பக் கதை பெருங்கத. 2003-ல ஹட்ச் போன் விளம்பரத்துல ஒரு பக் பொடியன் பின்னாலயே நடந்து வந்துச்சு. அம்புட்டுதான், ஊருக்குள்ள ஆளாளுக்கு பக் கேட்டான். அதுக்கு மொகத்துல மூக்கே இல்லயேலே. நாய்க்கு நம்மள மாதிரி மேலெல்லாம் வேர்க்காது, நாக்கத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டத் தணிக்கணும். மூக்கு அமுங்கிப் போனது எங்க போயி மூச்சு வாங்கும்? கத்திரி வெயில்ல மத்தியானம் வெளிய கூட்டிட்டுப் போனா உசுருக்கே ஆபத்து.

நாட்டு நாய வாங்குன்னு தாத்தன் சொல்லுவான்னுதான நெனச்ச? சொல்லமாட்டேன். எனக்குச் சிப்பிப்பாறை பக்கத்து ஊரு. கன்னியும் சிப்பிப்பாறையும் எப்படி ஓடும்னு எனக்குத் தெரியும். கண்ணுக்கு முன்னால ஒண்ணு ஓடுனா அதுக ரெண்டும் யோசிக்காது. கரட்டுல மொசல் வெரட்டின காலு அது. ராஜபாளையத்துக்கு 2005-ல தபால்தலை போட்டான் சர்க்காரு, நமக்குப் பெருமதான். அதுக்காக அத ஒன் மூணாவது மாடிக்கு ஏத்தணுமா?

தெருவுல பொறந்த குட்டிய எடுத்தா ஒரு வசதி, சின்னதுலயே பழக்கிரலாம். மூணாவது வாரத்துல இருந்து பன்னெண்டு பதினாலு வாரத்துக்குள்ள எந்த உசுரோட பழகுதோ, அதத் தன் சனம்னு ஏத்துக்கிடும்னு டாக்டருமாரு சொல்லுதாக. நம்ம ஊர்ல இதுக்குப் பரிச்சை எழுத வேண்டாம். கோழிக்குஞ்சோட வளந்த நாய் அந்தக் கோழியத் தொடாது. பக்கத்து வீட்டுக் கோழி கதை வேற, அதுக்காக நான் எத்தன பஞ்சாயத்துல நின்னிருக்கேன்.

இன்னொரு வழி இருக்கு, ஒனக்குத்தான் கௌரவம் எடம் குடுக்காது. வளந்த நாயா எடு. ஏற்கெனவே பூனை இருந்த வீட்டுல இருந்தது, வளக்க முடியாம எவனாவது குடுக்கது. அது என்ன செய்யும் செய்யாதுன்னு கண்ணாலயே பாத்துட்டு எடுக்கலாம். "பழசா தாத்தா?"ன்னு மூஞ்சியச் சுழிக்க. குட்டிய வாங்கி ரெண்டு வருசம் மெதியடியப் பறிகுடுத்தாத்தான் ஒனக்குத் திருப்தியா?

எத வாங்குனாலும், பூனைதான் வீட்டுக்கு மூத்தது. அது ஏறி உக்கார ஒசரத்துல எடம் வேணும். மொதல்ல வேற வேற ரூம்ல வையி, ஒண்ணு படுத்த துணிய இன்னொண்ணுக்கு மோந்து பாக்கக் குடு. அப்புறம் நாயச் சங்கிலியில பிடிச்சுக்கிட்டுப் பாக்க விடு. ரெண்டு மூணு வாரம் ஆவும், அவசரப்படாத. மொசலுக்குப் பல்லு பட வேண்டியதில்ல, பயத்துலயே செத்துப்போற உசுரு. அதுவும் லவ் பேர்ட்ஸும் தனி ரூம்ல, கதவச் சாத்தி. அந்தால பச்சக்கிளியும் வளக்கணும்னு கெளம்பிராத, 1972 வனவிலங்குச் சட்டத்துல குத்தம்.

ஒண்ண மட்டும் காதுல வாங்கிக்க. நாய்க்கு உண்ணி மருந்து முதுகுல ஊத்துதாகல்லா, அதுல பெர்மெத்ரின் சேத்தது உண்டு. நாய்க்கு ஒண்ணும் செய்யாது, பூனைக்கு வெசம். நாய் மேல ஊத்தி, பூனை அத நக்குனாலே போச்சு. டாக்டரக் கேக்காம கடையில வாங்கி ஊத்தாத. மிச்ச சாம்பாரயும் ஊத்தாத, வெங்காயம் நாய்க்கு ஆகாது.

என்னலே முழிக்க? என்னது, பக்குக்கு நேத்தே அட்வான்ஸ் குடுத்துட்டியா? அப்புறம் எதுக்குலே இம்புட்டு நேரம் என் வாயக் கிண்டுன? வெயில் ஆகாதேன்னு ராத்திரி பகலா ஏசி போட்டு வைக்கப் போறன்னு வேற சொல்லுத. நல்லது, போட்டு வையி. போன சித்திரையில நான் வந்தப்ப, கரண்டு பில்லு ஏறுதுன்னு பத்து மணிக்கே அணைச்சியே, அந்த ஏசிதான?