ஒத்திசையாமை இயல்: சொந்த அஞ்சல் சேவையகத்தோடு கைப்பேசி பிணங்கும் திறம் பற்றிய ஆராய்ச்சி

மின்னஞ்சல் சேவையைப் பெருநிறுவனம் எதனிடமும் பெறாமல், வாடகைக்கு எடுத்த கணினியிலோ வீட்டு அலமாரியின் மேல்தட்டில் தூசி படிந்து கிடக்கும் ராஸ்பெரி பை என்னும் சிறுகணினியிலோ தாமே நிறுவி, தாமே காத்து, தாமே பயன்படுத்துவோரை இக்கட்டுரை உடைமையாளர் என்னும் சொல்லால் குறிக்கும். உடைமையாளரின் கைப்பேசியிலுள்ள அஞ்சல் செயலி சேவையகத்தை அழைத்து, திரையின் மேற்புறத்தில் சிறு வட்டமொன்றைச் சுழலவிட்டு, சற்று நேரத்தில் 'இணைக்க இயலவில்லை' என்று மட்டும் அறிவித்து ஓய்ந்துவிடும் நிலையே ஒத்திசையாமை எனப்படும். காரணம் கூறாமையே இந்நிலையின் முதல் இலக்கணம். செயலி காரணம் கூறும் இயல்புடையதாக இருந்திருப்பின், கீழே விரித்துரைக்கப்படும் கொள்கைகளுள் ஒன்றும் தோன்றியிராது.

பிறர் நடத்தும் அஞ்சல் சேவை தடைபட்டால் பயனர் முறையிடுவார்; முறையீட்டைக் கேட்க ஒருவர் இருப்பார், கேட்காமலிருக்கவும் ஒருவர் இருப்பார். சொந்தச் சேவையகத்திலோ முறையிடுபவரும் குற்றஞ்சாட்டப்பட்டவரும் விசாரிப்பவரும் தீர்ப்பளிப்பவரும் ஒருவரே. தம் கைவண்ணத்தைத் தாமே ஐயுறுதல் மனித இயல்புக்கு அரிதாதலின், விசாரணை எப்போதும் கைப்பேசியிலிருந்தே தொடங்குகிறது. அவ்வழக்கில் வாய்திறக்க முடியாத ஒரே தரப்பு அதுவே. 'ஜிமெயிலே போதுமென்று அன்றைக்கே சொன்னேன்' என்று குடும்பத்தார் கூறும் சாட்சியம் இவ்விசாரணையில் ஏற்கப்படுவதில்லை.

கைப்பேசியை நோக்கிய சிகிச்சைகளைக் கொண்டு உடைமையாளர்களை மூன்று கொள்கையினராகப் பகுக்கலாம். முதலாமவர் இழுவையார், திரையை மேலிருந்து கீழாக விரலால் இழுத்துவிட்டால் அஞ்சல் வரும் என்பதும், வராவிடில் இழுத்த வேகம் போதவில்லை என்பதும் இவர் கொள்கை. இரண்டாமவர் மறுதொடக்கத்தார். இவருள் கைப்பேசியை மட்டும் அணைத்து ஏற்றுவோர், வீட்டு ரவுட்டரையும் உடன் அணைப்போர், சேவையகத்தையும் விடாதோர் என உட்பிரிவுகள் உண்டு. மூன்றாமவர் நீக்கிச்சேர்ப்பார், செயலியிலிருந்து கணக்கை முற்றாக நீக்கி, சேவையகப் பெயர், 993 என்னும் துறை எண், கடவுச்சொல் ஆகியவற்றை மீண்டும் இட்டு, பல்லாயிரம் அஞ்சல்களை முதலிலிருந்து இறக்குவதே விடுதலை என்று இவர் கருதுவர். அனுப்பப்படாமல் கைப்பேசியிலேயே தேங்கி நின்ற அஞ்சல்கள் அந்நீக்கத்தில் அழிந்துபோவதை இவர் இழப்பாகக் கொள்ளார். இம்மூவருக்கும் அப்பால் பதிவேட்டார் என்றொரு சிறுபான்மையினர் உளர். டவ்காட் போன்ற அஞ்சல் மென்பொருள் ஒவ்வோர் இணைப்பு முயற்சியையும், அது தோற்றால் தோற்ற காரணத்தையும் சேவையகத்தின் பதிவேட்டில் வரிவரியாக எழுதி வைக்கிறது; அதைத் திறந்து படிப்போர் இவர். முதல் மூன்று கொள்கைகளிலும் முறையே தோற்றவரே இக்கொள்கைக்கு வந்துசேர்வர் என்பதால் இவர் முகத்தில் எப்போதும் ஒரு களைப்பு உண்டு. முதல் மூன்றும் இன்னும் வழக்கொழியாமல் நிற்பதற்கு அவற்றுக்கு அவ்வப்போது சான்று கிடைத்துவிடுவதே காரணம். அச்சான்றுகள் எங்கிருந்து பிறக்கின்றன என்பதே இங்கு ஆராயப்படுவது.

இழுவையாரின் சான்றை முதலில் நோக்குக. ஐமேப் என்பது அஞ்சல்களைச் சேவையகத்திலேயே வைத்து, கேட்கும் கருவிகளுக்கெல்லாம் அவற்றைக் காட்டும் நெறிமுறை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் 1986இல் வகுத்தது. அக்காலக் கணினி மேசையை விட்டு நகராது, மின்கலத்தை எண்ணிக் கவலையுறாது. புதிய அஞ்சல் வந்ததும் அறிவிக்குமாறு கேட்டுவிட்டுத் தொடர்பைத் திறந்தே வைத்துக் காத்திருக்கும் 'ஐடில்' என்னும் கட்டளை 1997இல் வரையறுக்கப்பட்டது. அரைமணி நேரம் பேச்சின்றி இருக்கும் தொடர்பைச் சேவையகம் அறுத்துவிடக்கூடும் என்பதால், 29 நிமிடங்களுக்குள் ஒருமுறையேனும் காத்திருப்பைப் புதுப்பிக்க வேண்டும் என்பது அதன் விதி. கைப்பேசி வலையமைப்புகளோ பேச்சற்ற தொடர்பைப் பலவேளை சில நிமிடங்களிலேயே தம் கணக்கிலிருந்து நீக்கிவிடும். நீக்கிய செய்தியை இரு தரப்புக்கும் சொல்லா. அதன்பின் சேவையகம் இல்லாத தொடர்பில் அறிவிப்பை அனுப்ப, கைப்பேசி வராத அறிவிப்புக்குச் செவிசாய்த்திருக்கும். இவற்றோடு, 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல், மின்னேற்றியில் இணைக்கப்படாமல் திரை அணைந்து அசையாமல் கிடக்கும் கைப்பேசியில் செயலிகள் வலையமைப்பை அணுகுவதை இயங்குதளமே நிறுத்திவைக்கிறது. 'டோஸ்' என்பது அவ்வுறக்கத்தின் பெயர். ஐஃபோனின் அஞ்சல் செயலியோ ஐடில் கட்டளையைப் பயன்படுத்துவதே இல்லை. சாதாரண ஐமேப் கணக்காயின் 15 நிமிடங்களுக்கு ஒருமுறை சென்று பார்ப்பதே அதில் தேர்ந்துகொள்ளக்கூடிய மிகக் குறைந்த இடைவெளி; 'தானியங்கி' என்று விட்டுவிட்டால், மின்னேற்றியிலும் வை-ஃபையிலும் இருக்கும்போது மட்டுமே பின்னணியில் சென்று பார்க்கும். ஆகவே காலையில் வந்த அஞ்சல் நண்பகலில் திரையை இழுத்தவுடன் பொத்தென்று விழுவதற்கு இழுவையின் மகிமை காரணமன்று. செயலி அப்போதுதான் கண்விழித்துப் புதிய தொடர்பைத் திறந்தது. இவ்வகை ஒத்திசையாமை பிழையே அன்று. செயலியை மின்சேமிப்புக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குவதும், ஐடில் புதுப்பிக்கும் இடைவெளியைக் குறைப்பதும், பொறுமையும் இதற்கு ஏற்ற மருந்துகள். மூன்றாவது எந்த அமைப்புப் பக்கத்திலும் இல்லை.

மறுதொடக்கத்தாரின் சான்று இதனினும் நுட்பமானது. கைப்பேசி தான் பேசுவது உரிய சேவையகத்தோடுதான் என்று தெளிவதற்குச் சான்றிதழ் வேண்டும். உடைமையாளர்களில் பெரும்பாலோர் அதை லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பிடம் கட்டணமின்றிப் பெறுவர். அச்சான்றிதழின் வழக்கமான ஆயுள் 90 நாள். அது முடிய 30 நாள் இருக்கையில் செர்ட்பாட் என்னும் துணைநிரல் புதியதைப் பெற்று, உரிய கோப்பில் வைத்துவிட்டு, தன் கடமை முடிந்ததென்று அடங்கிவிடும். டவ்காட்டோ தான் தொடங்கும்போது படித்த பழைய சான்றிதழையே நினைவில் வைத்துக்கொண்டிருக்கும். கோப்பு மாறியதை எவரும் அதற்குச் சொல்லவில்லை. எஞ்சிய 30 நாளும் குறையேதும் தென்படாது. பின்னர் ஒரு காலைப்பொழுதில், எவரும் எதையும் தொடாதிருக்க, வீட்டிலுள்ள கைப்பேசிகள் அனைத்தும் ஒருசேரப் பிணங்கும். அஞ்சல் அனுப்பும் பிற சேவையகங்கள் பொதுவாக இச்சான்றிதழைச் சரிபார்த்துக் கொண்டிருப்பதில்லை. ஆதலால் உள்வரும் அஞ்சல் மட்டும் தடையின்றிக் குவிந்துகொண்டே இருக்கும். உடைமையாளர் கோப்பைத் திறந்து பார்ப்பார். சான்றிதழ் இன்னும் இரண்டு மாதம் செல்லும் என்றிருக்கும். குழப்பமுற்றுச் சேவையகத்தை அணைத்து ஏற்றுவார், டவ்காட் புதிய கோப்பைப் படிக்கும், அஞ்சல் ஓடும், மறுதொடக்கத்தார் கொள்கைக்கு மேலும் ஓர் அடியார் சேர்வார். புதுப்பித்தவுடன் டவ்காட்டை மீளேற்றுமாறு செர்ட்பாட்டுக்கு ஒரே ஒரு வரி எழுதி வைத்தால் இந்நாடகம் நின்றுவிடும். எழுதாத வரை ஏறத்தாழ ஒவ்வொரு பருவத்துக்கும் ஒருமுறை இது நிகழ்வதால், இதனை உடைமையாளரின் நோன்பு நாட்களுள் ஒன்றாகக் கொள்வதில் தவறில்லை. இடைநிலைச் சான்றிதழையும் சேர்த்த முழுக் கோப்புக்குப் பதிலாகத் தனிச் சான்றிதழ்க் கோப்பை மட்டும் டவ்காட்டுக்குக் காட்டியிருப்பதும் இவ்வினத்தைச் சார்ந்ததே. மேசைக்கணினி உலாவிகள் சில, விடுபட்டதைத் தாமே தேடி நிரப்பிக்கொள்ளும். கைப்பேசிச் செயலிகள் பல அவ்வளவு பெருந்தன்மை உடையன அல்ல. உலாவியில் திறக்கிறது, ஆகவே சேவையகம் குற்றமற்றது என்னும் வாதம் இதனால் மறுக்கப்படும்.

வீட்டுக்குள் இணைந்து வெளியில் இணையாமையும், வெளியில் இணைந்து வீட்டுக்குள் இணையாமையும் தனி வகை. சேவையகம் வீட்டிலேயே இருக்குமாயின், உள்ளிருந்து பொதுப்பெயரைக் கேட்கும் கைப்பேசிக்கு ரவுட்டரின் வெளிமுகவரியே விடையாகக் கிடைக்கும். வெளியே கிளம்பிய தரவை வாசலிலேயே உள்ளே திருப்பிவிட எல்லா ரவுட்டர்களும் அறியா. மறுதலையாக, ஜியோ போன்ற வலையமைப்புகளில் கைப்பேசி ஐபிவி6 முகவரியையே முதலில் நாடும். பெயர்ப்பதிவில் அம்முகவரியை ஆர்வத்தோடு எழுதிவிட்டு, தீயரணில் அதற்கு வாயில் திறக்க மறந்தவர்க்குத் தெருவில் இறங்கியதும் அஞ்சல் நின்றுவிடும்.

நீக்கிச்சேர்ப்பாரின் சான்று ஃபெயில்2பேன் என்னும் காவல் நிரலிடமிருந்து பிறப்பது. தவறான கடவுச்சொல்லோடு திரும்பத் திரும்பக் கதவைத் தட்டும் முகவரியைத் தடைசெய்வது அதன் தொழில். இயல்பமைப்பில் 10 நிமிடங்களுக்குள் 5 முறை தவறினால் 10 நிமிடத் தடை. வாடகைக் கணினியில் சேவையகம் வைத்த ஒருவர், பாதுகாப்புணர்வு மேலிட்டுத் தம் கடவுச்சொல்லை மாற்றுகிறார் என்க. கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் மறவாமல் மாற்றிவிடுவார். பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கும் பழைய டேப்லெட்டிலும் தம் கணக்கு இருப்பது அவர் நினைவில் இராது. அது ஒவ்வோர் அஞ்சல் கோப்புறைக்கும் ஒரு தொடர்பாகப் பழைய சொல்லைச் சொல்லிக் கதவைத் தட்ட, வீடு முழுவதும் ஒரே பொதுமுகவரியில் இருப்பதால் குடும்பமே தடைக்குள்ளாகும். உடைமையாளர் கணக்கை நீக்கி, சேவையகப் பெயரை எழுத்துக்கூட்டி, நீண்ட கடவுச்சொல்லை இருமுறை பிழையாகவும் ஒருமுறை சரியாகவும் இட்டு முடிக்கப் பத்து நிமிடம் கழிந்துவிடும். தடையும் அப்போது நீங்கிவிடும். சேர்த்ததால் சரியாயிற்று என்பது அவர் முடிபு. டேப்லெட் மறுபடி விழித்ததும் அம்முடிபு தகரும். அடுத்து மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பார்ப்பார். முகவரி வேறாதலால் அஞ்சல் வரும். பழி ரவுட்டர்மேல் விழும். ரவுட்டரை அணைத்து ஏற்றினால் இணையச் சேவையாளர் பலவேளை புதிய முகவரியைத் தருவதால், அதுவும் பலித்துவிடும். ஒரே நாளில் இரு கொள்கைகள் மெய்ப்பிக்கப்பட்டன. டேப்லெட்டைக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

நள்ளிரவில் இறுதியாகப் பதிவேட்டைத் திறப்பவர், தடைப்பட்டியலில் தம் வீட்டு முகவரியையே காண்பார். உடனே அம்முகவரியை என்றைக்கும் தடைசெய்யலாகாதென்று விலக்குப் பட்டியலில் எழுதி நிம்மதியுறுவார். மறுநாள் மின்தடைக்குப்பின் ரவுட்டர் வேறொரு முகவரியோடு எழும். பழைய முகவரி அதே ஊரிலுள்ள வேறொரு சந்தாதாரருக்குப் போய்ச்சேரும். இவருடைய சேவையகத்தில் எத்தனை முறை வேண்டுமாயினும் தவறான கடவுச்சொல் இடும் உரிமை அன்று முதல் அவருக்கு உண்டு.