ஓநாய்க்குத் தகப்பன்

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒவ்வொன்றிலும் இவர் ஒருவர் இருப்பார். கையில் சங்கிலி, சங்கிலியின் மறுமுனையில் 30 கிலோ லாப்ரடார். யார் யாரை இழுத்துப் போகிறார்கள் என்பது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது. "நாய்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "பையன் சாப்பிட்டானா சார்?" என்று கேளுங்கள். படிக்கட்டிலேயே முக்கால் மணி நேரம் வகுப்பு நடக்கும்.

பையனுக்குப் பச்சைக்கறி போடலாமா, கூடாதா என்பதுதான் பாடம். வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டபோதுகூட மனிதர் இவ்வளவு யோசித்ததில்லை.

பிள்ளையார் சுழி போட்டவர் இயான் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர். 1993இல் அவர் எழுதிய புத்தகம் பச்சைக்கறிக் கட்சிக்கு வேதம். ஓநாய் எந்தக் காட்டில் குக்கர் வைத்தது? அதன் வாரிசுக்கு மட்டும் எதற்குப் பாக்கெட் தீனி? இதைச் சொல்லும்போது நம்மவருக்கு மார்பு விம்மும். வாரிசு அந்நேரம் மிக்சிச் சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்கடியில் இருப்பான்.

கணக்கும் தலைகீழ்ப் பாடம். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டரை வீதம் ஒரு நாளைக்கு 750 கிராம். அதில் சதை 80 பங்கு, எலும்பு 10, ஈரல் 5, மற்ற உள்ளுறுப்பு 5. பரம்பரைச் சைவரான அவர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கறிக்கடை வாசலில் நின்றார்.

"பாய், ஈரல் முப்பத்தேழரை கிராம். சுவரொட்டியும் அதே அளவு."

பாய் தராசைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "நகைக்கடை அடுத்த தெருவுல சார்."

வாங்கிய கறியை வைப்பதில் அடுத்த வழக்கு. "தயிர் இருக்கற ஃபிரிட்ஜுல அது வரப்படாது. தனிப் பாத்திரம், தனிப் பலகை, தொட்டா கை அலம்பணும்" என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். மூடநம்பிக்கை என்று இவர் சீறினார். ஆனால் பச்சைக்கறி கொடுத்தே தீருவேன் என்பவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் விதிகளும் அதே வரிசைதான். அம்மா மடி என்பார், அவர்கள் சால்மோனெல்லா என்பார்கள். ஃப்ரீசரில் வைத்தாலும் அந்தக் கிருமி சாகாது. நாய் நோயில்லாமல் துள்ளிக்கொண்டிருக்கும். அதன் எச்சில் வழியே வீட்டாருக்கு ஒட்டலாம். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் இதற்காகவே 2012இல் பச்சைக்கறி வேண்டாம் என்று கொள்கை வகுத்தது.

அதையும் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013இல் 'நேச்சர்' இதழில் எழுதியது. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஒன்று ஓநாய்க்கு 2 பிரதிதான். நாய்க்கு 4 முதல் 30 வரை. மனிதனோடு சேர்ந்து நாயின் வயிறும் சோற்றுக்குப் பழகிவிட்டதாம். குலப்பெருமையில் கை வைத்துவிட்டார்களே என்று அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அவர் இப்படி இரண்டு கட்சிக்கும் நடுவில் நிற்க, பையனுக்கு எந்தத் தத்துவச் சிக்கலும் இல்லை. காலையில் பாட்டி கையால் தயிர்சாதம். மதியம் பாக்கெட் தீனி. மாலையில் இரண்டாவது மாடி மாமியின் மேரி பிஸ்கட். இரவில் வாட்ச்மேன் இலையிலிருந்து பிரியாணி எலும்பு.

தடுப்பூசிக்குப் போனபோது தராசு 36 காட்டியது. டாக்டர் புருவத்தை உயர்த்தினார். வாட்ச்மேன் உபயத்தைக் கேட்டதும் பதறினார். "வெந்த எலும்பு சிலாம்பு சிலாம்பா உடைஞ்சு குடலைக் குத்திடும் சார்! முதல்ல அதை நிறுத்துங்க. சரி, நீங்க என்ன சாப்பாடு கொடுக்கறீங்க?"

நம்மவர் தோள்பையிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அதைத்தான் டாக்டர் இன்னும் முடிவு பண்ணலை."